போன் பழக்கமும் மரியாதையும்: குமுளி, கம்பம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கும் குமுளியில் ரீசார்ஜும் போன் சர்வீஸும் பார்க்கும் கடை என்னுடையது. கம்பம், கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறி வருபவர்கள், வண்டிப்பெரியாறு, வண்டன்மேடு பக்கம் லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். ஸ்கிரீன் மாற்ற வந்தவர் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், இன்னார் மெசேஜைப் பார்த்தும் பதில் போடவில்லை, இன்னார் போனிலேயே பத்திரிகை வைத்துவிட்டார் என்று மனத்தாங்கல் வெளியே வந்துவிடும். சொந்தபந்தம் மலைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கும் ஊர் இது. போன் இல்லாமல் இங்கே உறவு நடக்காது. அதனால் இவற்றைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

மெசேஜ் போட்டு ரெண்டு நாளாச்சு, ஒரு டிக்லயே நிக்குது. என்னைய பிளாக் பண்ணிட்டாங்களா?

வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் உங்கள் போனிலிருந்து மெசேஜ் போய்விட்டது, அவர் போனில் இன்னும் வந்து சேரவில்லை. அவ்வளவுதான். நம் மலையில் அதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. லோயர் கேம்ப் தாண்டி வளைவு ஏறினாலே சிக்னல் வரும், போகும். தோட்டத்துக்குள் பல இடங்களில் டவரே எட்டாது. காய் பறிக்கிற பெண்கள் போனை பாலிதீன் கவரில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுவார்கள். செடியின் தூரில் குனிந்து, சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கிற வேலை அது. கையெல்லாம் ஈரமும் மண்ணுமாக இருக்கும். சாயங்காலம் ஜீப்பில் ஏறி ஊருக்கு இறங்கிய பிறகுதான் அந்த போன் கவரை விட்டு வெளியே வரும்.

பிளாக் பண்ணியிருந்தாலும் ஒரு டிக்தான் நிற்கும். அதனால் டிக்கை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. சாதாரண போன் கால் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அவர் வீட்டில் வேறு யாரிடமாவது, “அக்கா நல்லா இருக்காங்களா, போனே போக மாட்டேங்குது” என்று கேளுங்கள். உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவர் மேல் கோபப்பட்டு, பிறகு வருத்தப்பட்டவர்கள் எங்கள் கடைக்கே வந்திருக்கிறார்கள்.

நீல டிக் விழுந்திருச்சு. பார்த்துட்டுப் பதில் போடாம இருக்கிறது மரியாதையா?

வாட்ஸ்அப்பில் இந்த நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதற்கு முன்னால் இந்தக் கோபமே கிடையாது. நீல டிக் சொல்வது அந்த மெசேஜ் திரையில் திறந்தது என்பதை மட்டும்தான். யார் திறந்தார்கள் என்று சொல்லாது. லயத்தில் பல வீடுகளில் ஒரே போன், அதைப் பெரும்பாலும் பேரப்பிள்ளைதான் வைத்திருக்கும். “தாத்தா பார்த்துட்டாரு” என்று நீங்கள் நினைப்பது, பையன் கேமுக்கு நடுவே விரல் பட்டுத் திறந்ததாக இருக்கலாம்.

வாங்குகிற பக்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. வந்தது வெறும் செய்தியா, பதில் கேட்கிற விஷயமா என்று பாருங்கள். “சனிக்கிழமை வர்றீங்களா?” என்று கேட்டவர் உங்கள் பதிலை வைத்துத்தான் அரிசி போடுவார். அதற்குப் பதில் போடாமல் இருப்பது தப்பு. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் “பார்த்துட்டேன், ராத்திரி சொல்றேன்” என்று ஒரு வரி போடுங்கள். காலை வணக்கப் படத்துக்குப் பதில் போடாவிட்டால் யாரும் குறைந்துவிட மாட்டார்கள்.

அப்ப நீல டிக்கை ஆஃப் பண்ணி வச்சுக்கலாமா? ஒளிக்கிற மாதிரி ஆகாதா?

தாராளமாக ஆஃப் பண்ணலாம், அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. செட்டிங்ஸில் பிரைவசிக்குள் இருக்கிறது. ஆஃப் பண்ணினால் அடுத்தவர் பார்த்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குரூப் மெசேஜுக்கும், வாய்ஸ் மெசேஜைக் கேட்டதற்கும் மட்டும் நீலம் காட்டத்தான் செய்யும்.

எந்த நேரத்துல போன் பண்ணலாம்? எடுக்கலன்னா எத்தனை தடவை அடிக்கலாம்?

ஆளைப் பொறுத்தது. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து சோறு கட்டி ஜீப் பிடிக்கிறவர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்களுக்கு நடுச்சாமம். அவர்களைக் கூப்பிட நல்ல நேரம் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டரைக்குள். கடைக்காரர்களைக் காலை வியாபார நேரத்தில் கூப்பிட்டு நீட்டிப் பேசாதீர்கள். எடுக்காவிட்டால் இரண்டு தடவையோடு நிறுத்தி, என்ன விஷயம் என்று மெசேஜில் ஒரு வரி போடுங்கள். “அவசரம் இல்ல, பிறகு பேசுங்க” என்று சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. வரிசையாக ஏழெட்டு மிஸ்டு கால் பார்த்தால், ஊரில் யாருக்கோ என்னவோ என்றுதான் மலைமேல் இருப்பவர் பதறுவார்.

மிஸ்டு கால் கொடுக்கிற பெரியவர்களைப் பற்றி இளசுகள் குறை சொல்கிறார்கள். அதன் காரணம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். கேரளமும் தமிழ்நாடும் தனித்தனி தொலைபேசி வட்டங்கள். முன்பெல்லாம் கம்பத்தில் வாங்கிய சிம்மோடு குமுளிக்கு ஏறினால் அது ரோமிங், வருகிற காலுக்கும் காசு பிடித்தார்கள். பிஎஸ்என்எல் ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியதே 2015 ஜூனில்தான். அதுவரை எடுக்காமல் விடுவதும், ஒரு அடி அடித்து “வந்து சேர்ந்துட்டேன்” என்று தெரிவிப்பதும் அடுத்தவர் காசை மிச்சம் பிடித்துக் கொடுக்கிற மரியாதை. அந்தப் பழக்கம் கையில் தங்கிவிட்டது. மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிடுங்கள், முடிந்தது.

வாய்ஸ் மெசேஜ் அனுப்புறது சோம்பேறித்தனம்னு என் பொண்ணு சொல்றா. சரியா?

உங்கள் பொண்ணுக்குத் தமிழ் டைப் பண்ண வரும், உங்களுக்கு வராது. எழுதப் படிக்கப் பழகாத எத்தனையோ பேருக்கு வாய்ஸ்தான் எழுத்து. கேரளப் பக்கம் மலையாளப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கம்பத்துப் பாட்டிக்கு மலையாள எழுத்து தெரியாது. அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதே வாய்ஸ் மெசேஜால்தான். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் கேட்பவர் சிரமத்தையும் பாருங்கள். விஷயத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விவரத்துக்குப் போங்கள். நாலு நிமிஷப் பேச்சின் கடைசியில் “ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம்” என்று சொன்னால் பாதியில் நிறுத்தியவருக்குத் தெரியாமலே போகும். தேதி, நேரம், பணக்கணக்கு இருந்தால் யாரையாவது வைத்து அதை மட்டும் எழுத்தில் போடுங்கள். பொண்ணுக்கு ஒரு வார்த்தை: கேட்கிற வேகத்தை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அம்மா பேசியதை அம்மா முன்னாலேயே வேகமாக ஓட விடாதே.

சூப்பர்வைசருக்கு “நாளைக்கு வரல” ன்னு போட்டேன். திமிராப் பேசுறன்னு திட்டினாரு. நான் என்ன தப்பாச் சொன்னேன்?

விஷயத்தில் தப்பில்லை. நேரில் இதையே சொன்னால் நீங்கள் நின்ற விதமும் இழுத்த குரலும் மரியாதையைச் சுமந்திருக்கும். எழுத்தில் அது எதுவும் போகாது, வார்த்தை மட்டும்தான் போகும். அதனால் நேரில் சொல்வதைவிட இரண்டு வார்த்தை கூடுதலாகப் போட வேண்டும். “சார், அம்மாவுக்குக் காய்ச்சல். நாளைக்கு மட்டும் லீவு வேணும் சார்” என்று எழுதியிருந்தால் சண்டை வந்திருக்காது. மலையாளம் பேசுகிறவர் என்றால் சார், சேட்டா, சேச்சி என்று அவர்கள் கூப்பிடுகிறபடியே கூப்பிட்டுத் தொடங்குங்கள்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பவர்கள் கடைசி எழுத்தில் கவனம் வையுங்கள். அவசரத்தில் “வாங்க” என்பது “வா” ஆகிவிடுகிறது. பெரியவர்களிடம் “ஓகே” என்று தனியாக விடாமல் “சரிங்கண்ணே” என்று போட்டால் அவர்கள் முகம் மலரும்.

கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்ல அனுப்பினாப் போதுமா? எல்லார் வீட்டுக்கும் போறதுக்கு நேரம் எங்க இருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சண்டை நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லோர் வீட்டுக்கும் நேரில் போக முடியாது என்பது உண்மை. நெடுங்கண்டம், கட்டப்பனை, பூப்பாறை என்று சொந்தம் சிதறிக் கிடக்கிறது. ஒரு லயத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகும், ஜீப் வாடகை வேறு. ஆனால் தாய்மாமன், அத்தை, மூத்த பங்காளி, இவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கையில் கொடுக்கத்தான் வேண்டும். சபையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை அவர்கள் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். போனில் வந்ததை எங்கே வைப்பது?

மற்றவர்களுக்கு முதலில் போனில் கூப்பிட்டு வாயால் அழைத்துவிட்டு, பிறகு படத்தை அனுப்புங்கள். “பத்திரிகை அனுப்பிருக்கேன், வந்துருங்க” என்று எழுதியதும், “அண்ணே, பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம், நீங்களும் அண்ணியும் முன்னாடியே வந்துரணும்” என்று குரலில் கேட்டதும் ஒன்றாகாது. வீட்டில் கணவனை மட்டும் அழைத்து மனைவியை விட்டுவிடாதீர்கள். போனை அவரிடமும் கொடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தப்பு ஒன்று உண்டு. அச்சகத்திலிருந்து பத்திரிகை வந்த அன்றே ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறார்கள். தாய்மாமனுக்குத் தட்டு போவதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் போனில் அவர் அதைப் பார்த்துவிடுகிறார். பிறகு எத்தனை தட்டு வைத்தாலும் அந்த வருத்தம் போகாது. நேரில் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து முடித்தபின் ஸ்டேட்டஸ் போடுங்கள். இன்னொன்று: பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். மற்றவருக்குப் போகவே போகாது. “அனுப்பினேனே!” என்று நீங்கள் சொல்ல, “வரவே இல்லையே!” என்று அவர் சொல்ல, இரண்டும் உண்மையாக இருக்கும்.

மொய்யை ஜிபேல போடலாமா?

போடலாம். ஆனால் மொய் நோட்டில் பெயர் சரியாக ஏற வேண்டும். பணம் மகள் கணக்கிலிருந்து போனால் அங்கே மகள் பெயர்தான் காட்டும், நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர்கள் நோட்டைப் புரட்டினால் உங்கள் பெயர் இருக்காது. குறிப்பு எழுதும் இடத்தில் ஊரும் பெயரும் போடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாளே அனுப்பிவிட்டு வராமல் இருப்பதைவிட, வந்து சாப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.

சாவுச் செய்தியை ஸ்டேட்டஸ்ல போடலாமா? “ஆர்ஐபி” போட்டாப் போதுமா?

நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்பது நம் பக்கத்து வழக்கம். கூப்பிடாமலே வருபவர்களுக்குச் செய்தி எட்ட ஸ்டேட்டஸ் உதவுகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். வரிசைதான் முக்கியம். பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் குரலில் சொல்லி முடிக்கும்வரை யாரும் எதையும் போடக்கூடாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கும் மகள், அப்பா இறந்ததை யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸில் மாலை போட்ட படமாகப் பார்க்க நேர்வதைவிடக் கொடுமை இல்லை. அவளிடம் போனில் சொல்லும்போதும், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

போடுகிற செய்தியில் இறந்தவர் யாருக்கு என்ன உறவு, உடல் எந்த வீட்டில் இருக்கிறது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற மூன்றும் இருக்கட்டும். மலை இறங்கி வருகிறவருக்கு எடுக்கிற நேரம் தெரிந்தால்தான் முகம் பார்க்க முடியும்.

“ஆர்ஐபி” என்று போடுவது, தெரிந்தவர் அளவில் நிற்கும் ஆளுக்குப் போதும். உறவுக்குப் போதாது. போக முடியாவிட்டால் கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாதவர்கள், “சேதி கேட்டேன் அக்கா, வர முடியாத இடத்துல இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவர்கள் பேசுவதைக் கேட்டாலே போதும். துக்க வீட்டில் “போயிட்டு வர்றேன்” சொல்லக்கூடாது என்பது போனுக்கும் பொருந்தும். “சரி, பார்த்துக்கங்க” என்று வைத்துவிடுங்கள். பதினாறாம் நாளுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். சாவுச் செய்திக்குக் கட்டைவிரல் மட்டும் தட்டாதீர்கள். பார்த்துவிட்டேன் என்ற அர்த்தத்தில் நீங்கள் தட்டினாலும், இழந்தவர் கண்ணுக்கு அது வேறு மாதிரிப் படும்.

ஆக்சிடெண்ட், நிலச்சரிவு படம் வந்தா மத்தவங்களுக்கும் அனுப்பறது விழிப்புணர்வுதானே?

இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். தோட்டத் தொழிலாளிகளும் அவர்கள் குடும்பமும்தான், நம் தமிழ்ச் சனங்கள். கரண்டும் போனும் இல்லாமல் சேதி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. அவர்களில் பலருக்குச் சொந்தம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். இப்படிப்பட்ட நாளில் நீங்கள் தள்ளிவிடுகிற ஒரு படம், பெயர் தெரியாத எந்தத் தாயின் கையில் போய் நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா? எந்த ரோடு அடைப்பு, எந்த ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டும், எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, இவற்றை அனுப்புங்கள். உடலையும் அழுகிற முகத்தையும் அனுப்பாதீர்கள்.

குடும்ப குரூப்புல கம்பத்து மச்சான் முல்லைப்பெரியாறு பத்தி எதையாவது போட்டுக்கிட்டே இருக்காரு. வண்டிப்பெரியாறுல இருக்குற எங்களுக்குப் பயமா இருக்கு. என்ன பதில் போடுறது?

இந்த வருத்தம் எல்லையில் இருப்பவருக்குத்தான் புரியும். அணை நிற்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. 1886-ல் போட்ட 999 வருஷக் குத்தகையில், 1895-ல் தண்ணீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் குடிநீரும் அதுதான். அதே அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருப்பது வண்டிப்பெரியாறு. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் சொன்னது. மச்சானுக்கு அந்த 142 அடி சோறு. உங்களுக்கு மழைக்கால ராத்திரியில் தூக்கம் வராத கணக்கு. இரண்டு பேரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

குரூப்பில் பதிலுக்குப் பதில் போடாதீர்கள். பத்துப் பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வர மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு, “மச்சான், நீங்க போடுறதைப் பார்த்துட்டு அம்மா ராத்திரி தூங்கலை” என்று சொல்லுங்கள். வாதத்தைவிட அது கேட்கும். வருகிற செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கை மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-ல் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு வைத்தது. தண்ணீர் அளவு பற்றிய சேதி என்றால் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். 2011 டிசம்பரில் இதே அணைத் தகராறில் வதந்தியும் கோபமும் சேர்ந்து இரண்டு பக்கமும் ஏழைகள்தான் அடிபட்டார்கள். வேலையை விட்டு மலை இறங்கி ஓடியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அதை நேரில் பார்த்த யாரும் அம்புக்குறிச் சேதியை விளையாட்டாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

நான் குரூப் அட்மின். ஒருத்தர் தப்பாப் போட்டா நானா மாட்டுவேன்?

உறுப்பினர் போட்டதற்காக மட்டும் அட்மின் மேல் குற்றம் வராது என்று 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் அது. ஆனால் வீட்டுத் திண்ணையில் ஒருவர் கெட்ட வார்த்தை பேசினால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அட்மின் அந்தப் பதிவை எல்லோருக்கும் அழிக்க முடியும். அழித்துவிட்டு அவரிடம் தனியாக ஏன் என்று சொல்லுங்கள்.

குரூப்பை விட்டு வெளியேறினா கோவிச்சுக்குவாங்களே?

2022-லிருந்து வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் உடனே தெரியும். அட்மினுக்கு முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடுங்கள். சத்தம்தான் தொந்தரவு என்றால் மியூட்டில் போட்டாலே போதும். குடும்ப குரூப்பாக இருந்தால் நான் மியூட் பக்கம்தான், ஏனென்றால் சாவுச் சேதி அதில்தான் வரும்.

குடும்பஸ்ரீ (கேரள மகளிர் சுயஉதவிச் சங்கம்) குரூப்புல இருந்து என் நம்பரை எடுத்து ஒருத்தரு தினம் “குட் நைட்” போடுறாரு. பதில் போடலன்னா மரியாதை இல்லாதவன்னு சொல்லுவாங்களோ?

சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நீங்கள் கவலைப்பட வேண்டாம். பார்த்தால் பதில் போட வேண்டும் என்று மேலே நீல டிக் பற்றிச் சொன்னது, பதில் கேட்க உரிமை உள்ளவருக்கு. நீங்கள் நம்பர் கொடுத்தது சங்க வேலைக்கு. ஜீப் குரூப்பில் கொடுத்தது வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள. அந்தக் காரியத்தைத் தாண்டி அதைப் பயன்படுத்தியவர்தான் மரியாதையை மீறியவர். ஆண்களுக்குச் சொல்கிறேன்: குரூப்பில் பார்த்த பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் குரூப்பிலேயே கேளுங்கள், இல்லையென்றால் அட்மின் வழியாகக் கேளுங்கள்.

பதில் போடாமல் பிளாக் பண்ணுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, முதலில் கண்டிக்கவும் தேவையில்லை. கண்டிப்பு வார்த்தையைக்கூடப் பேச்சுக்கு இடம் கொடுத்ததாக எடுத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர் அனுப்பியதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, சங்கத் தலைவியிடம் காட்டுங்கள். பிரைவசி செட்டிங்கில் உங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதையும், உங்கள் படத்தை யார் பார்க்கலாம் என்பதையும் உங்கள் கான்டாக்ட் ஆட்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் மாற்றித் தருவேன். வேறு நம்பரிலிருந்து தொடர்ந்தால் 181-க்குக் கூப்பிடுங்கள். அது பெண்களுக்கான உதவி எண், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.